1, 2, 3 வகுப்பு பெத்தவங்களுக்கு கிளாஸ்ல நடக்கறத எப்படி சொல்றீங்க? வாட்ஸ்அப் குரூப் கைகுடுக்கல

சிலேட்டுக்குச்சி எழுதியது:

வணக்கம், வேடசந்தூர் பக்கம் ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி, ரெண்டு டீச்சர் பள்ளிக்கூடம்தான், 1, 2, 3 மூணும் எங்கிட்ட, மொத்தம் 26 புள்ளைங்க. அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து (2022 ஜூன்ல ஆரம்பிச்சது) மூணு வகுப்பையும் ஒண்ணா உக்கார வச்சு, வகுப்ப பாக்காம புள்ளைக்கு எவ்வளவு வருதுங்கறத வச்சு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிரிச்சு நடத்தறோம்னு இங்க இருக்கற டீச்சர்ஸுக்கு சொல்ல வேண்டியதில்ல. எனக்கு அந்த முறை புடிச்சிருக்கு, புள்ளைங்களுக்கும் புடிச்சிருக்கு. ஆனா வீட்ல இருக்கறவங்களுக்கு என்ன நடக்குதுன்னே தெரியல, அதான் பிரச்சனை.

வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கேன். 26 புள்ளைங்களுக்கு 19 நம்பர்தான் இருக்கு, அதுல பாதி அப்பா போன், அப்பா மில்லுல ஷிப்ட்ல இருப்பாரு, அம்மாவோ பாட்டியோதான் புள்ளைய பாக்கறாங்க, அவங்க கையில பட்டன் போன். நான் தினம் போட்டோ போடுவேன், ப்ளூ டிக் வரும், பதிலுக்கு யாராவது ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் அனுப்புவாங்க. அவ்ளோதான்.

போன மாசம் நடந்தத சொல்றேன். புள்ளைங்க வட்டமா உக்காந்து எழுத்து அட்டை வச்சு விளையாடற மாதிரி ஒரு போட்டோ போட்டேன், நல்லா இருந்துச்சு போட்டோ. அதுல மூணாப்பு பையன் ஒருத்தன் ஒண்ணாப்பு வாண்டுங்களோட உக்காந்திருக்கான், ஏன்னா அவனுக்கு இன்னும் எழுத்து கூட்டி படிக்க வரல, அரும்புலதான் இருக்கான். மறுநாள் காலையில அவங்க அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு நேரா பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாரு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கு, வந்ததும் "எம்பையன ஒண்ணாப்புக்கு தள்ளிட்டீங்களாமே"ன்னு கேட்டாரு. உக்கார வச்சு அரைமணி நேரம் விளக்கினேன், அவன் புக்கை எடுத்து காட்டினேன், மனுசன் புரிஞ்சுகிட்டாரு. கெளம்பும்போது ஒண்ணு சொன்னாரு பாருங்க, "இத முன்னாடியே சொல்லியிருந்தா நேத்து போன்ல அவங்கம்மாகிட்ட சொல்லி அவன அடிக்க விட்டிருக்க மாட்டேன் டீச்சர்." அன்னிக்கு பூரா எனக்கு பாடம் நடத்தவே முடியல.

நீங்கல்லாம் என்ன பண்றீங்க? மாசக் கூட்டம் போடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, போட்டா எட்டு பேர் வராங்க, அதுல ரெண்டு பேர் ஆதார் அப்டேட் பத்தி கேக்க வந்தவங்க.

---

ரிட்டயர்ட்_ஹெச்எம் எழுதியது:

டீச்சரம்மா, கூட்டம் போடாதீங்கன்னு நான் சொல்ல முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 24-ஆவது பிரிவுலயே ஆசிரியரோட கடமைன்னு இருக்கு, பெற்றோரோட தவறாம கூட்டம் நடத்தி புள்ளையோட வருகை, கத்துக்கற திறன், முன்னேற்றம் எல்லாத்தையும் சொல்லணும்னு. ஆனா எல்லாரையும் ஒரே நேரத்துல ஒண்ணா கூட்டித்தான் சொல்லணும்னு அதுல இல்ல, கவனிச்சீங்களா. நான் வேலை பாத்த காலத்துல ஜூன் மாசம் முடியறதுக்குள்ள ஒண்ணாப்பு புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் ஒருநடை போயிட்டு வந்துருவேன், சாயங்காலம் சைக்கிள்ல. வாத்தியார் வீட்டுக்கு வந்தாலே பையன் ஏதோ பண்ணிட்டான்னுதான் ஊர்ல நினைப்பாங்க, அதனால அவன் ஏதும் பண்றதுக்கு முன்னாடியே போயிரணும். ஒண்ணும் பெருசா பேசறதில்ல, உங்க புள்ள எந்த பக்கம் உக்காந்திருக்கான், யாரோட சேர்றான், சோறு மிச்சம் வைக்கறானா, இதத்தான் சொல்லுவேன். அப்புறம் அக்டோபர்ல "கணக்கு வரல"ன்னு சொன்னா சண்டைக்கு வரமாட்டாங்க.

அரும்பு மொட்டு விஷயம் பத்தி ஒரு வேடிக்கை. நிலக்கோட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு கூட்டத்துக்கு போயிருந்தேன், அங்க டீச்சர் மலர்தான் உசந்த நிலைன்னு விளக்கறாங்க, மல்லி எடுக்கப்போற ஒரு பாட்டி எந்திரிச்சு "மொட்டுக்குத்தான சாமி வெல, மலந்தா யாரு வாங்குவா"ன்னு கேட்டுச்சு. டீச்சருக்கு பதில் வரல. எனக்கும் வரல. பேர சொல்லி விளக்காதீங்க, "இப்ப ரெண்டெழுத்து சொல் படிக்கறான், அடுத்து மூணெழுத்து"ன்னு சொல்லுங்க.

---

பனியன்_சிட்டி எழுதியது:

திருப்பூர்ல இருந்து. எங்க ஸ்கூல்ல ஒடிசா, பீகார் புள்ளைங்க நெறைய, நான் தமிழ்ல டைப் பண்ணி அனுப்பறது அவங்களுக்கு கோழி கிறுக்கின மாதிரி. ஆனா உங்க ஊர்க்காரங்களுக்கும் அதே கதைதான் மேடம், வாசிக்க தெரியலன்னு யாரும் வாய்விட்டு சொல்லமாட்டாங்க, "கண்ணாடி எடுத்துட்டு வரல டீச்சர், நீங்களே படிச்சு சொல்லுங்க"ம்பாங்க. இத புரிஞ்சுக்கவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

இப்ப நான் எழுதறதே இல்ல, வாய்ஸ்தான், அதுவும் புள்ளையே பேசறது. இருபது செகண்டு. சாயங்காலம் விடறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு மூணு பேர கூப்பிடுவேன், இன்னிக்கு என்ன கத்துகிட்டேன்னு அவங்க வீட்ல பேசற பாஷையில சொல்ல சொல்லுவேன், ஒடியா புள்ள ஒடியாவுல, அது என்ன சொல்லுதுன்னு அஞ்சாப்பு படிக்கற அதோட அக்காகிட்ட நான் கேட்டுக்குவேன். குரூப்ல போடறதில்ல, தனித்தனியா அவங்கவங்க நம்பருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல, கம்பெனி விட்டு வந்திருப்பாங்க. கணக்கு போட்டு பாருங்க, உங்க 26 பேருக்கும் ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு ரவுண்டு முடிஞ்சிரும்.

பட்டன் போன் வீட்டுக்கு இது ஆகாது. அவங்களுக்கு கால் தான், ரெண்டு நிமிஷம்.

---

ரெண்டாப்பு_அம்மா எழுதியது:

நான் டீச்சர் இல்ல, பேரன்ட். பொண்ணு கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஸ்கூல்ல ரெண்டாவது. எங்களுக்கு ஆப் இருக்கு, டைரி இருக்கு, குரூப் வேற இருக்கு, நேத்து எண்ணினேன் ஒரே நாள்ல 14 மெசேஜ். பக்கம் 43 முடிக்கணும், ஐடி கார்டு மறக்காதீங்க, நாளைக்கு மஞ்சள் கலர் டிரஸ், டிராஃபிக் சிக்னல் வேஷம். எல்லாமே எனக்கு வேலை. ஆனா எம்பொண்ணு மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிடறான்னு கேட்டா எனக்கு தெரியாது, "இன்னிக்கு என்ன பண்ணீங்க"ன்னு அவகிட்ட கேட்டா "ஒண்ணும் பண்ணல"தான். அதனால ஆப் இல்லையேன்னு நீங்க ஏங்காதீங்க மேடம்.

போன வருஷம் இருந்த மிஸ் ஒருநாள் ஒரே ஒரு வரி அனுப்பினாங்க, "இன்னிக்கு கழித்தல்ல கடன் வாங்கறது அவளுக்கு புரிஞ்சிருச்சு, எப்படின்னு அவகிட்டயே கேளுங்க." கேட்டேன். புளியங்கொட்டைய தரையில கொட்டி அரைமணி நேரம் எனக்கு பாடம் எடுத்தா, தோசை கருகிருச்சு. நாங்க என்ன கேக்கணும்னு சொல்லி குடுத்தீங்கன்னா போதும், மிச்சத்த புள்ளைங்களே சொல்லிரும்.

இன்னொண்ணு, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, பேன் இருக்கு பாருங்க, நகம் வெட்டல, பேன்ட் நனைச்சுட்டான், இதெல்லாம் குரூப்ல போடாதீங்க தயவுசெஞ்சு. பேர் போடலைன்னாலும் எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சிரும். எங்க கிளாஸ்ல ஒரு அம்மா அதோட குரூப்ப விட்டே போயிட்டாங்க.

---

கேட்டுக்கு_வெளிய எழுதியது:

போட்டோ போடறத பத்தி யாரும் பேசலயே. 2023-ல வந்த தரவு பாதுகாப்பு சட்டம் 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் கேக்குது, உங்க குரூப்புக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்னு வக்கீல்தான் சொல்லணும், சட்டத்த விடுங்க. எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணோட அம்மா புருசன்கிட்ட இருந்து பிரிஞ்சு வந்து ஊர் மாறி சேத்திருந்தாங்க. விளையாட்டு விழா போட்டோ ஒண்ணு குரூப்ல இருந்து ஒருத்தர் ஸ்டேட்டஸுக்கு போயி, அங்க இருந்து எங்கயோ சுத்தி, ஒரு வாரத்துல அந்த புருசன் ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடி நிக்கறாரு. அதுல இருந்து நாங்க கை, நோட்டு, கோலம் போட்ட தரை இது மட்டும்தான் எடுக்கறது, முகம் கிடையாது. சிலேட்டுக்குச்சி டீச்சர், அந்த பையன் விஷயத்துலயும் அவன் எழுதின சிலேட்ட மட்டும் எடுத்து அவங்க அப்பாவுக்கு தனியா அனுப்பியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதுன்னு எனக்கு தோணுது, குத்தம் சொல்லல.

---

சிலேட்டுக்குச்சி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, பதில் போட லேட்டாயிருச்சு, மூணு வாரம் செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். குரூப்ல இப்ப லீவு, கூட்டம், தடுப்பூசி மட்டும்தான். முகம் தெரியற போட்டோ நிறுத்தியாச்சு, ரெண்டு பேர் "ஏன் போட்டோ வரல"ன்னு கேட்டாங்க, சொன்னேன்.

வாய்ஸ் நல்லா ஓடுது. முதல் வாரம் எல்லாரும் "நான் நல்லா படிச்சேன்"னு ஒரே மாதிரி ஒப்பிச்சாங்க, அப்புறம் நான் தள்ளி நின்னு போன மட்டும் குடுத்ததும் பேச ஆரம்பிச்சாங்க. ஒருத்தி பூரா இருபது செகண்டும் அன்னிக்கு காலையில பொங்கல்ல கெடச்ச மொளகு பத்தியே பேசினா, அப்படியே அனுப்பிட்டேன். காலை உணவு சாப்பிட்டாளா இல்லையான்னுதான் அவங்கம்மா தினம் கவலப்படுவாங்களாம், ஆறு மணி மில் வேன புடிக்க புள்ள எந்திரிக்கும் முன்னாடியே கெளம்பிருவாங்க.

பட்டன் போன் வீடு ஏழு. அதுல அஞ்சு பேர் வீட்டுப் பாட்டிங்க சாயங்காலம் கேட்டுக்கு வராங்க, அதனால நாலு மணிக்கு நான் கேட்டுலயே நின்னுக்கறேன், ஆளுக்கு ஒரு வார்த்தை. ஹெச்எம் சார் சொன்ன மாதிரி வீட்டுக்கு ரெண்டு நடைதான் போக முடிஞ்சது, ஒரு வீட்ல கலர் சோடா வாங்கி குடுத்து விடவே மாட்டேன்னுட்டாங்க.

அந்த மூணாப்பு பையன், நேத்து அவனே கேட்டு போன வாங்கி "அப்பா, மில் வேன்ல எழுதியிருக்கறத படிச்சேன்ப்பா"ன்னான். என்ன எழுதியிருக்குன்னு சொல்லல, டைம் முடிஞ்சிருச்சு. ராத்திரி பத்தரைக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து பதில் வாய்ஸ், பின்னாடி மிஷின் சத்தம், ஒரு வார்த்தை கூட புரியல எனக்கு. காலையில பையன்கிட்ட போட்டு காட்டினேன், அவனுக்கு புரிஞ்சிருச்சு போல, சிரிச்சுகிட்டே ஓடிட்டான்.

பனியன் சிட்டி சார், ஒரு சந்தேகம், அந்த வாய்ஸெல்லாம் சேத்து வைக்கறீங்களா அழிச்சிடறீங்களா? என் போன்ல இப்பவே இடம் இல்ல.