சும்மா உட்கார இந்த ஊரில் எங்கே இடம்?

மயிலைப் பெரியவர்:
பல வருஷம் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது கை நடுக்கம், எழுத்து குறைந்துவிட்டது. வேடிக்கை பார்ப்பதும் முணுமுணுப்பதும்தான் மிச்சம். இன்றைய முணுமுணுப்பு: சென்னையில் காசு கொடுக்காமல் உட்கார முடிவதில்லை.

கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்தது. 1962-ல் தொடங்கி 2008 வரை ஓடியது. கார் வைத்திருந்தவர்களுக்குக் காருக்கே தட்டு வரும். என்னைப் போன்ற பஸ் பிரயாணிகள் உள்ளே மேசை பிடிப்போம். ஒரு காபியோடு மத்தியானம் முழுக்க ஓட்டலாம். மருந்து கம்பெனி ரெப், நிருபர், சினிமாவில் வாய்ப்புத் தேடுகிறவர், கல்யாணத் தரகர் எல்லாரும் அங்கேதான். சர்வர் வந்து ‘வேற என்ன சார்?’ என்பார். ஒண்ணும் வேண்டாம் என்றால் போய்விடுவார். எழுந்து போ என்ற அர்த்தம் அந்தக் கேள்வியில் இருக்காது. அது அரசு நிலம், எடுத்துக்கொண்டார்கள். 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. நல்ல பூங்கா, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட். எதிரே 2024-ல் வந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவர்களுக்கு 100 ரூபாய். ஜிப்லைன் எல்லாம் இருக்கிறதாம். எனக்கு ஒரு பெஞ்ச் போதும்.

வீட்டுப் பக்கம் வந்தால், திண்ணை இருந்த இடத்தில் இப்போது தூண்களும் கார்களும். நண்பர் என்னைப் பார்க்க வந்தால் கேட்டில் பெயர், போன் நம்பர், எந்த ஃபிளாட் என்று விசாரணை. உள்ளே விடலாமா என்று என் செல்போன் அலறும். கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்வதுபோல இரண்டு வார்த்தை பேசுவதற்கும் முன்பதிவு. இந்தத் தலைமுறைக்கு இது ஒரு இழப்பாகவே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வியாசர்பாடிப் பெண்:
ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்தத் திண்ணைகளில் யார் உட்கார்ந்தார்கள்? என் அம்மா உங்கள் ஏரியாவில்தான் வீட்டு வேலை செய்தார். வேலை முடிந்து மழைக்கு ஒதுங்கினாலும் திண்ணை ஓரமாக நிற்பார், உட்கார மாட்டார். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உட்லண்ட்ஸ் காபியும் இலவசம் இல்லையே. உங்கள் கையில் அந்தக் காசு இருந்தது, அதனால் அது இலவசம் மாதிரி ஞாபகம் இருக்கிறது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இப்போது அம்மா கிளம்புகிறார், மெரினாவில் இறங்குகிறார், இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வருகிறார். எங்கே போனாய், எதற்குக் காசு என்று வீட்டில் யாரும் கேட்க முடியாது. அவர் சும்மா உட்காருவதே இந்த நவீன காலத்தில்தான் ஆரம்பித்தது.

சும்மா பையன்:
மாலுக்குப் போங்க தாத்தா. ஏசி, பெஞ்ச், யாரும் கேட்க மாட்டாங்க. அதுதான் எங்க உட்லண்ட்ஸ். அதை விட்டுட்டு அந்தக் காலம் அந்தக் காலம்னு…

டூவீலர் வாழ்க்கை:
தம்பி, அந்த மாலுக்கு டெலிவரி பையை மாட்டிக்கொண்டு வந்து பார். எங்களுக்கு லிஃப்ட் வேறு, வழி வேறு. பார்சல் தயாராகும்வரை வெளியே வண்டிமேல்தான் உட்கார வேண்டும். ஹோட்டல் வாசலில் நாலு பேர் கூடி நின்றால் செக்யூரிட்டி தள்ளி நிற்கச் சொல்வார். அவரும் நிற்கிறவர்தான், அவருக்கும் நாற்காலி இல்லை.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் எப்போதும் போனையே பார்க்கிறோம் என்று அடுத்து சொல்வீர்கள், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆர்டர் அதில்தான் வருகிறது. பார்க்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. 2025-ல் அண்ணா நகரில் எங்களுக்காக மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. மே மாத வெயிலில் மண்டை காய்ந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கழிப்பறை இருக்கிறது, போனுக்குச் சார்ஜ் போடலாம். உங்கள் காலத்தில் ரிக்‌ஷாக்காரருக்கு அப்படி ஒன்று யாராவது கட்டிக் கொடுத்தார்களா?

மயிலைப் பெரியவர்:
கட்டவில்லை தம்பி. ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார், நாங்கள் பார்த்துக்கொண்டே கடந்து போனோம். வியாசர்பாடி அம்மா சொன்னதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காக என் கேள்வி செத்துவிடாது. திண்ணை சிலருக்கு மட்டும் இருந்தது அநியாயம் என்றால் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். நாம் செய்தது என்ன? இடித்துவிட்டு அந்த இடத்தைக் காருக்குக் கொடுத்தோம். உன் அம்மாவுக்கு மறுக்கப்பட்ட இடத்தில் இப்போது யாரோ ஒருவரின் இரண்டாவது கார் நிற்கிறது. இதில் யாருக்கு நியாயம் கிடைத்தது, சொல்லுங்கள்.

அந்த ஓய்வறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவர் களைப்பாற ஓர் அறை, அவசியம்தான். ஆனால் உட்காருவதற்கு இப்போது ஒரு காரணமும் ஒரு அடையாளமும் காட்ட வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர், குடியிருப்பவர், ஊழியர். இதில் எதுவுமே இல்லாத ஒரு ஆள் எங்கே போவான்?

ஓய்வூதியக்காரி:
நூலகத்துக்குப் போவான் சார். நான் போகிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-ல் திறந்தது. உள்ளே போகக் காசு இல்லை. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. காலையில் போனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு வரிசையில் நிற்பார்கள். வாடகை அறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு எங்கே படிப்பது? 2011-ல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டதால் பிழைத்தது. அதற்குச் சண்டை போட்டவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், உட்லண்ட்ஸுக்கு அழுதது போதும்.

அப்புறம் திண்ணை. அதை நான் உள்ளே இருந்து பார்த்தவள். எந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டது. ஆபீஸ் முடிந்து தாமதமாக வந்த நாளில் தெருமுனையிலேயே எனக்கு வயிற்றைப் பிசையும். கதை எழுதும் உங்களுக்கு அந்தப் பேச்சு இலக்கியமாக இருக்கலாம், எங்களுக்கு அது விசாரணைக் கமிஷன். இன்று செக்யூரிட்டி என் பெயரை மட்டும்தான் கேட்கிறார். எவ்வளவோ தேவலை.

சும்மா பையன்:
பாட்டி செம அடி 🔥 தாத்தா அவுட்டு!

மட்டுறுத்துநர்:
நையாண்டி போதும். சொல்ல விஷயம் இருந்தால் மட்டும் எழுதவும்.

பெசன்ட் நகர் மகன்:
இங்கே யாரும் சொல்லாத ஒன்று. என் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பிறந்ததிலிருந்து சென்னைவாசி, ஆனால் கால் போனபிறகு கடலை ரோட்டிலிருந்துதான் பார்த்தார். மணலில் சக்கரம் புதைந்துவிடும். 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் கடலருகே போகும் மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. நாங்கள் அப்போதுதான் போகத் திட்டம் போட்டிருந்தோம், அவர் டிவியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்புறம் சரிசெய்தார்கள், போனோம். அப்பாவுக்கு இருபக்கமும் தள்ளுமுள்ளு, செல்ஃபிக் கூட்டம், சுண்டல் பையன்கள். அலை சத்தத்தில் பேசவே முடியவில்லை. திரும்பி வரவே மாட்டேன் என்று அடம். மயிலைப் பெரியவரே, நீங்கள் சொல்லும் பழைய மெட்ராஸில் இவருக்கு எந்த மேசை?

மயிலைப் பெரியவர்:
எந்த மேசையும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

ஓய்வூதியக்காரி அம்மா, நான் நூலகத்துக்கு விரோதி இல்லை. ஆனால் நூலகத்தில் பேசக்கூடாது. நான் கேட்பது பேச இடம். முன்பின் தெரியாத ஆளோடு, காரியம் எதுவும் இல்லாமல், அரசியலோ வெண்டைக்காய் விலையோ பேச. அதை வேவு பார்ப்பது என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அது கதை. என் கதைகளில் பாதி அடுத்த மேசையில் ஒட்டுக்கேட்டது.

ஓய்வூதியக்காரி:
அதைத்தான் சார் நானும் சொன்னேன். ஒட்டுக்கேட்டது எங்களை.

டூவீலர் வாழ்க்கை:
பேச இடம் வேண்டுமென்றால் டீக்கடைக்கு வாங்க ஐயா. எந்தத் தெருவிலும் இருக்கிறது. உட்கார முடியாது, நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. வெண்டைக்காய் விலையும் கிடைக்கும்.

மயிலைப் பெரியவர்:
முழங்கால் ஒத்துழைக்காது தம்பி. ஒரு ஸ்டூல் போடச் சொல், வருகிறேன்.

வியாசர்பாடிப் பெண்:
ஸ்டூல் போட்டால் நடைபாதை ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி லாரி வந்து தூக்கிப் போய்விடும் ஐயா, எங்கள் தெருவில் அடிக்கடி நடப்பதுதான். அந்த 100 ரூபாய் டிக்கெட்டைக் குறைக்கச் சொல்லி மனு எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர் நீங்கள். எங்கள் தெருவிலிருந்து கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன். திண்ணையைத் திரும்பக் கேட்டு எழுதினால் மட்டும் என்னிடம் வராதீர்கள்.