கொழும்பு வீட்டுக் கொல்லைக்கு எந்த கேஸ் கல்?

தமிழ்நாட்டில் ஃபிளாட்டிலேயே வாழ்ந்துவிட்டு, ராஜகிரியவிலோ நுகேகொடையிலோ பின்னால் கொஞ்சம் வளவுள்ள வீடு வாடகைக்குக் கிடைத்தவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஓர் ஆசை வந்துவிடுகிறது. வெளியே ஒரு பெரிய கேஸ் கல்லைப் போட்டு, பத்துத் தோசையை ஒரே நேரத்தில் வார்க்க வேண்டும். ஞாயிறு மாலை நண்பர்களைக் கூப்பிட்டுக் கொத்து ரொட்டி போட வேண்டும். யூடியூபில் பார்த்த 36 அங்குல ப்ளாக்ஸ்டோன் என்ற அமெரிக்கக் கேஸ் கல் கண்ணிலேயே நிற்கும். அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ சாமான்களோடு குடிவருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்கவே வேண்டாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பர்னர் கொண்ட 22 அங்குலக் கல் போதும். அடிக்கடி பதினைந்து இருபது பேருக்குச் சமைப்பவர் என்றால் வெளிநாட்டுப் பெட்டியே வேண்டாம். இங்கேயே பட்டறையில் செய்துகொள்ளுங்கள். காரணம் இரண்டு: சிலிண்டர், கடற்காற்று. அமெரிக்காவில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இவை இரண்டும் பெரிதாக வருவதில்லை, அங்கே அவை பெரிய பிரச்சினையும் இல்லை.

சிலிண்டர் கணக்கைப் பாருங்கள். ஊரில் நமக்குப் பழக்கமானது 14.2 கிலோ. இங்கே லிட்ரோ, லாஃப்ஸ் என்ற இரண்டு கேஸ் கம்பனிகளும் வீட்டுக்குத் தருவது 12.5 கிலோ, 5 கிலோ, அதைவிடச் சிறியது ஒன்று. 36 அங்குல ப்ளாக்ஸ்டோனில் நான்கு பர்னர்களும் முழுதாக எரிந்தால் மணிக்கு 60,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ பதினேழரை கிலோவாட். ஒரு கிலோ எரிவாயு சுமார் 12.8 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஆகவே மணிக்கு 1.4 கிலோ போகும், 12.5 கிலோ சிலிண்டர் சுமார் ஒன்பது மணி நேரம்தான் தாங்கும். யாரும் முழு நேரமும் முழுத் தீயில் சமைப்பதில்லைதான். ஆனால் பெரிய இரும்புக் கல் சூடேறும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கேஸ் சாப்பாடு இல்லாமலே செலவாகிறது, நாலு தோசைக்கும் அதே செலவுதான். 22 அங்குலக் கல் 24,000 பி.டி.யு. அளவில் நிற்கும். மணிக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல்.

இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் திரவம் ஆவியாகும்போது அது சிலிண்டரையே குளிர்விக்கிறது. ஐந்து கிலோ சிலிண்டரில் நான்கு பர்னர் கல்லை மாட்டி முழுதாகத் திறந்தால், கொழும்பு வெயிலிலும் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்துச் சில்லென்று ஆகிவிடும், தீ மெதுவாகச் சோர்ந்துபோகும். கடைக்காரர் கேஸைக் குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு பர்னர் கல்லுக்கு ஐந்து கிலோ சமாளிக்கும், பெரியதற்கு 12.5தான்.

அடுத்து ரெகுலேட்டர். அமெரிக்கக் கல்லோடு வரும் குழாயின் முனை இங்குள்ள சிலிண்டர் வால்வில் உட்காராது. அதற்கு இடையில் அடாப்டர் மேல் அடாப்டராக மாட்டித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் சிலிண்டருக்கு உரிய ரெகுலேட்டரை அதே கம்பனியின் முகவரிடம் வாங்கி, புதுக் குழாய் போட்டு, தெரிந்த கேஸ் மெக்கானிக்கை வைத்து இணைக்க வேண்டும். கல்லின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் அழுத்தத்தையும் அவர் படிக்கட்டும். அமெரிக்க வீட்டு உபயோகக் கல்கள் பெரும்பாலும் 11 அங்குல நீர் அழுத்தத்துக்கானவை, அது சுமார் 27 மில்லிபார். ஆஸ்திரேலியாவின் 2.75 கிலோபாஸ்கலும் ஏறக்குறைய அதே. நம் இந்திய அடுப்பு 30 மில்லிபாருக்குப் பக்கம். இவையெல்லாம் ஒரு குடும்பம். ஜெர்மனியில் விற்பது பல சமயம் 50 மில்லிபாருக்கானது; குறைந்த அழுத்த ரெகுலேட்டரில் அது மூச்சுத் திணறும். இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த மாடலைக் கையாலும் தொடாதீர்கள், அதன் ஜெட் துளையே வேறு.

இனி மாடல்கள். ப்ளாக்ஸ்டோன் எளிய பொருள்: கனத்த இரும்புத் தட்டு, கீழே பர்னர், பின்பக்கம் எண்ணெய் வடியும் பள்ளம். பின்பக்க வடிகாலுக்காகக் கல் கொஞ்சம் சரிந்தே நிற்கும். வெங்காயத்துக்கும் இறாலுக்கும் அது நல்லது. முட்டை ஊற்றினால் மஞ்சள் கரு பின்னால் ஓடும், தோசை மாவும் ஒரு பக்கம் மெலிந்து போகும். தோசை வார்ப்பவர்கள் கால்களின் கீழ் தகடு வைத்து நேராக்கிக்கொள்ள வேண்டியதுதான். கேம்ப் செஃப் 600 கல்லின் அளவில் அதற்கு நெருங்கியது, நான்கு பர்னருக்கும் சேர்த்து 48,000 பி.டி.யு. அதன் சிறப்பு கல்லில் இல்லை. கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் கீழே பாத்திரம் வைக்கிற அடுப்பு இருக்கிறது. பிரியாணி அண்டாவை வெளியே ஏற்றுகிற நம் வீடுகளுக்கு இதைவிட உபயோகமான ஏற்பாடு கிடையாது. கொண்டுவந்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருந்தால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

2023இல் வந்த ட்ரேகர் ஃபிளாட்ராக் காற்று உள்ளே புகாதபடி அடைத்த உடல் கொண்டது. கடலோரத்தில் அது வெறும் அலங்காரம் அல்ல; மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று திறந்த பர்னரின் தீயைப் படுக்க வைத்துவிடும். ஆனால் அது கனமும் விலையும் கூடியது. வெபர் ஸ்லேட் 2024இல் வந்தது. துருவை எதிர்க்கும், பதப்படுத்திய கல் என்று விற்கிறார்கள். எதிர்ப்பது வேறு, பிடிக்காமலே இருப்பது வேறு. வெள்ளவத்தைக் கடலோர மாடியில் ஜன்னல் கம்பி என்ன கதிக்கு ஆளாகிறது என்று பார்த்தவர்கள் அந்த விளம்பர வரியை நிதானமாகப் படிப்பார்கள்.

பி.டி.யு. எண்ணைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது கல்லின் கனமும் பர்னரின் வடிவமும்தான். நேர்க் குழாய் பர்னருக்கு மேல் மெல்லிய தட்டு இருந்தால் அதை ஒரு தோசை காட்டிக்கொடுத்துவிடும்: குழாய் ஓடும் இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு, இடையில் வெளுத்த பட்டை, மறுபடி கோடு. கனத்த கல்லில் சூடு பரவ நேரமாகும், பரவிய பிறகு தோசை முழுவதும் ஒரே நிறம். கடையில் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்கள், ஆனால் தட்டின் விளிம்பைக் கையால் பிடித்துப் பார்க்க யாரும் தடுக்கப் போவதில்லை.

கனம் என்றால் என்னவென்று தெரிய ஏதாவது ஒரு கொத்துக் கடை முன்னால் மாலை ஏழு மணிக்கு நில்லுங்கள். இரண்டு தகடுகளும் கல்லில் இறங்குகிற சத்தத்தை எல்லோரும் ரசிக்கிறார்கள். கல்லின் விளிம்பைப் பார்ப்பவர்கள் குறைவு. விரல் கனம். நடுவில் தீ, ஓரத்தில் சற்று ஆறிய இடம், அங்கே வெட்டிய ரொட்டி காத்திருக்கும். முட்டையும் கறியும் நடுவில் வெந்ததும் ரொட்டியை இழுத்து மேலே போடுகிறார், கல் சூடு இறங்குவதே இல்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் இந்தக் கல் எங்கே வாங்கியது என்று கேட்டேன். "வாங்குகிற சாமானா இது தம்பி? வெட்டிச் செய்வித்தது" என்றார்.

நாமும் செய்விக்கலாம். பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஹோட்டல் சாமான் செய்யும் பட்டறைகளும் கொழும்பில் குறைவில்லை. 24 அங்குலத்துக்கு 18 அங்குலம், 8 மில்லிமீட்டர் கனம் என்று மென்இரும்புத் தகடு கேளுங்கள். பதினேழு கிலோவுக்கு மேல் வரும். மேலே நீலக் கறுப்பாக இருக்கும் ஆலைப் படலத்தைத் தேய்த்து நீக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது பிற்பாடு செதில் செதிலாகச் சாப்பாட்டில் வரும். துத்தநாகப் பூச்சுப் போட்ட தகடு வேண்டவே வேண்டாம், சூட்டில் அதன் புகை நஞ்சு. கல்லை ஸ்டெயின்லெஸில் செய்து தருகிறோம், துரு பிடிக்காது என்பார்கள். கால்களுக்கும் உடலுக்கும் சரி. கல்லுக்குச் சரிவராது. சாதாரண இரும்பு கடத்தும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அது கடத்தும், எண்ணெய்ப் பதமும் அதில் சரியாக ஏறாது.

பர்னரை மட்டும் பட்டறையில் ஒட்டவைக்க விடாதீர்கள். தயாராக விற்கும் கேஸ் பர்னரை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள்.

எந்தக் கல் வந்தாலும் கொழும்பில் அதை அழிப்பது துருதான். ஈரக் காற்று ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். கல்லைப் பதப்படுத்த இங்கே எல்லோர் வீட்டிலும் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். அதுதான் இதற்கு மிகவும் பொருந்தாதது. பதம் என்பது எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாக மாறுவது. நிறைவுறாத கொழுப்புதான் அப்படி இறுகும். தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு, தேங்காய் எண்ணெய்க்கு அது பத்துக்குப் பக்கம், சோயா எண்ணெய்க்கு 120க்கு மேல். தேங்காய் எண்ணெய் தடவிய கல் அன்றைக்குப் பளபளக்கும், அடுத்த வாரம் ஓரத்தில் செம்மண் நிறம் தெரியும். சோயாவோ சூரியகாந்தியோ எடுங்கள். கல்லைச் சோப்பால் கழுவி, தீயில் நன்றாகக் காயவைத்து, துணியில் தொட்டு மிக மெல்லியதாக, துடைத்து எடுத்தது போலப் பூசி, புகை நிற்கும் வரை விடுங்கள். கல் கறுக்கும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். தடிமனாகப் பூசினால் பிசுக்குத்தான் மிஞ்சும், பதம் வராது. அதன் பிறகு தோசைக்கு எந்த எண்ணெயும் ஊற்றுங்கள், தேங்காய் எண்ணெய் உட்பட.

எலுமிச்சை, தக்காளி, புளி மூன்றும் இந்தப் படலத்தைத் தின்னும். கொத்துக்கு எலுமிச்சையைச் சாப்பிடும் தட்டில் வைத்துப் பிழியுங்கள், கல்லில் வேண்டாம். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டுவதும் கெடுதல், உள்ளே வியர்த்துக் கல் நனைந்துபோகும். சமையல் முடிந்ததும் சுரண்டி, காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து, முடிந்தால் கல்லை மட்டும் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். 22 அங்குலக் கல்லைத் தூக்க முடியும். 36 அங்குலத்தில் தட்டு மட்டுமே நல்ல கனம், முதுகு சரியாக இருந்தால் முயலுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும் 2021 கடைசியை நினைவுபடுத்துவார்கள். அப்போது வரிசையாக வீடுகளில் கேஸ் வெடிப்புகள் நடந்தன. ஜனாதிபதி அமைத்த குழு, சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதை முக்கியக் காரணமாகச் சொன்னது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சிலிண்டரைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆகவே சாக்கடை மூடிக்குப் பக்கத்திலும் நிலத்தடிக் கார் தரிப்பிடத்திலும் வைக்கக் கூடாது. தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் அமைப்பு பல கல்களில் இல்லை, காற்றடிக்கும் நாளில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சில வாரம் தொடாமல் வைத்திருந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தியோ குளவியோ கூடு கட்டியிருக்கும். தீ பின்பக்கம் பற்றுவதற்கு அதுவே போதும். பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் இதைச் செய்யாதீர்கள். மொட்டை மாடிக்கு நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

விருந்துக்கு நாள் குறிக்கும்முன் நாள்காட்டியில் போயாவைப் பாருங்கள். பௌர்ணமி தினத்தில் இறைச்சி விற்பனை கிடையாது, மதுக்கடையும் திறக்காது. முதல் நாளே வாங்கி வைத்துச் சுடலாம் என்றாலும், பக்கத்து வீட்டில் சில் (பௌத்த நோன்பு) எடுத்து வெள்ளை உடையில் விகாரைக்குப் போய்வருபவர்கள் இருப்பார்கள். அன்றைக்குத் தோசையும் தேங்காய் ரொட்டியும் போடுங்கள், அவர்களுக்கும் ஒரு தட்டு கொடுத்தனுப்புங்கள்.

தட்டுப்பாட்டின்போது கேஸ் வரிசை 2022இல் எப்படி நின்றது என்பதை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். வீட்டு அடுப்புச் சிலிண்டரைக் கழற்றிக் கல்லுக்கு மாட்டும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்து, அதே கம்பனியில் இன்னொன்று வாங்கிவிடுங்கள். மாற்றுவதும் எளிது, அவசரத்துக்கும் ஆகும்.

நாடு திரும்பும் வெளிநாட்டவர்கள் விற்கும் பழைய கல்களும் அவ்வப்போது வரும், விலையும் நியாயமாக இருக்கும். மேலே துரு இருந்தால் கவலை வேண்டாம், தேய்த்தால் போகும். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்த கல்லை யாராலும் நேராக்க முடியாது. பிறகு கல்லைத் தூக்கிவிட்டு பர்னர் துளைகளைப் பாருங்கள். அவை அரித்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், கல்லுக்கு மட்டும் விலை பேசுங்கள்.