மருந்தில்லாமல் ஆறிய புண்: கர்ப்பிணியான மனைவிக்கும் பரிசோதனை தேவையா?

கேள்வி ("பின்னிரவு" என்ற புனைபெயரில்):

எனக்கு வயது 31. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மாதங்களுக்கு முன் வேலைக்காக வெளியூரில் தங்கியிருந்தபோது, ஆணுறை அணியாமல் ஒரு பெண்ணுடன் உறவு கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஆணுறுப்பின் முன்தோலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு புண் வந்தது. தொட்டால் அடிப்பக்கம் கெட்டியாக இருந்ததே தவிர, வலியோ சீழோ இல்லை. யாரிடமும் காட்டக் கூச்சப்பட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன். ஒரு மாதத்தில் தானாகவே ஆறிவிட்டது.

இப்போது பத்து நாள்களாக மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் இருக்கின்றன. உள்ளங்கைகளிலும் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது, ஆனால் அரிப்பு இல்லை. "உடம்புச் சூடுதான், எண்ணெய் தேய்த்துக் குளி" என்கிறார் அம்மா. என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். புண் இருந்த நாள்களிலும் அதன் பிறகும் நாங்கள் சேர்ந்திருக்கிறோம். அவளுக்கு ஒன்றும் இல்லையென்றால் எனக்கும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அவளிடம் சொல்லாமலே நான் மட்டும் மருந்து எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆற்றுப்படுத்துநர்):

தம்பி, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனம் உங்கள் மனைவியின் வயிற்றில் இருக்கும் குழந்தையிடம்தான் போயிற்று. வலிக்காத, அடி கெட்டியான புண்ணும், அது ஆறிய சில வாரங்களில் உள்ளங்கை வரை வரும் அரிப்பில்லாத தடிப்பும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் இரண்டு நிலைகளை அப்படியே ஒத்திருக்கின்றன. நம் ஊரில் மேகப்புண், கிரந்தி என்று சொல்லி வந்தார்களே, அதுதான். பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காத்திருக்க வேண்டிய நேரம் இது இல்லை.

இந்த நோயில் புண் தானாக ஆறுவதுதான் ஏமாற்று. மேலே தோல் மூடிக்கொள்ளும், கிருமி இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். இந்தத் தடிப்பும் எண்ணெய்க் குளியலுக்கு அடங்கியதுபோல் சில வாரங்களில் மறைந்துவிடும். அதன் பிறகு வெளியில் எதுவுமே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

மனைவியின் பரிசோதனை பற்றிக் கேட்டீர்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், சிபிலிஸுக்காகச் செய்யும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம். உங்கள் கணக்குப்படி, உங்களுக்குப் புண் ஆறிய நேரத்தில்தான் அவருடைய இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அன்று சரியாக இருந்தது இன்றைக்குப் பொருந்தாது. சிகிச்சை பெறாத சிபிலிஸ், கர்ப்பத்தில் குழந்தை இறந்து பிறக்கவோ, குறைப்பிரசவம் ஆகவோ, பிறக்கும்போதே நோயோடு பிறக்கவோ காரணமாகலாம். ஆனால் அவருக்கு இப்போது ஐந்தாம் மாதம்தான். பிரசவத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன்பாவது தாய்க்குப் பென்சிலின் ஊசி போட்டுவிட்டால், பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் வழக்கமாகத் தருவது 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின். அதை இடுப்புத் தசையில் போடுவார்கள். கர்ப்பிணிக்கு அதற்கு ஈடான மாற்று மருந்து கிடையாது. ஆகையால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தந்து இதை மறைத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ உள்ள, பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்துக்கு நாளைக்கே போங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. அங்கேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், இப்படிப்பட்ட புண் இருக்கும்போது அந்தக் கிருமி எளிதில் நுழையும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யவோ முடிவை வெளியிடவோ கூடாது என்று 2017 ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. நேரில் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள்.

பதில் 2 (வேப்பமரத்து வீடு):

சகோதரரே, மனைவியிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லப்படாத மனைவியாக இருந்தவள் நான். என் கணவருக்கு வெட்டை நோய் (கொனோரியா என்ற இன்னொரு பால்வினை நோய்) வந்தபோது, ஒரு மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு அவர் சரியாகிவிட்டார். எனக்கு அடிவயிற்றில் வலி வந்தது, வெள்ளைப்படுதலும் அதிகமாயிற்று. உடல் சூடு என்று எல்லோரும் சொன்னதால், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துப் பல மாதம் குடித்தேன். கடைசியில் அரசு மருத்துவமனையில் எனக்கு மஞ்சள் உறையிலும் அவருக்குச் சாம்பல் நிற உறையிலும் மாத்திரைகளைக் கொடுத்து, இருவரும் சேர்ந்து முடித்தால்தான் தீரும் என்றார்கள். அந்த இரண்டு உறைகளையும் மேசை மேல் வைத்த அன்றுதான் அவர் வாய் திறந்தார். அவர் போன இடத்தைவிட, நான் வலியில் சுருண்டு கிடந்தபோது காரணம் தெரிந்தும் பேசாமல் இருந்தாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஊசி போட்டுக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு அது எதற்கு என்று தெரிய வேண்டாமா?

கேள்வி கேட்டவர் (பின்னிரவு):

இருவருக்கும் நன்றி. நேற்றுப் போனேன். வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் அளவு 1:32 என்று வந்திருக்கிறது, உறுதிப்படுத்தும் சோதனையும் நோய் இருப்பதாகவே காட்டியது. ஒவ்வாமை இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். இரவில் குளிர்காய்ச்சல் வந்து, காலையில் தணிந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டேன். நெடுநேரம் அழுதாள், பிறகு "எத்தனை மணிக்கு அங்கே திறப்பார்கள்?" என்று மட்டும் கேட்டாள். நாளை இருவரும் போகிறோம். அவளுக்கும் இந்தக் காய்ச்சல் வருமா?

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆற்றுப்படுத்துநர்):

வரலாம், தம்பி. கிருமிகள் ஒரே நேரத்தில் மடிவதால் முதல் 24 மணி நேரத்துக்குள் இப்படிக் காய்ச்சல் வருவது உண்டு. அதைப் பென்சிலின் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கர்ப்பிணிக்கு அதனோடு வயிறு இறுகுவதுபோல் வலியோ, குழந்தையின் அசைவு குறைவதோ நேர்ந்தால், இரவு என்று பாராமல் பிரசவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே இதை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அவருடைய கர்ப்பப் பதிவு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிரசவம் பார்ப்பவர்களுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படும். மருத்துவர் சொல்லும் வரை உறவைத் தவிருங்கள். மருந்து வேலை செய்திருந்தால் உங்கள் 1:32 என்ற அளவு நான்கில் ஒரு பங்காக, அதாவது 1:8 ஆகவோ அதற்குக் கீழாகவோ இறங்க வேண்டும்; ஊசி போட்டதிலிருந்து ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் மறக்காமல் இரத்தம் கொடுங்கள். அந்த வெளியூர்ப் பெண்ணைத் தொடர்புகொள்ள வழி இருந்தால் அவருக்கும் தெரிவியுங்கள். தனக்கு இது இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.