பாறை மீன் தோலும் ஓர் இரவு மின்தடையும்

மீன் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் என் முதுகலை ஆய்வு. அதற்காகத் தூத்துக்குடி மீன் சந்தையில் பாறை மீன் தோல் கேட்டு நின்றேன். மீன் வெட்டும் அக்கா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தோலை வைத்து என்ன செய்யப் போகிறாய், தங்கச்சி?” என்றார். காசும் வாங்கவில்லை.

தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டி, விரல்நகம் அளவுக்கு நறுக்கினேன். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு நாள் ஊறவைத்ததும் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் கழிந்துவிட்டன. பியூட்டைல் ஆல்கஹால் கொழுப்பை எடுத்தது. பிறகு, 4 டிகிரி குளிரில் 0.5 மோலார் அசெட்டிக் அமிலம். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மறுநாள் காலை துண்டுகள் உப்பி, வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாகியிருந்தன. கோலால் கிளறினால் நூல் இழுத்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றிரவு மின்சாரம் போய்விட்டது. மே மாதப் புழுக்கம் வேறு. விடிந்து பார்த்தால் கலவை தண்ணீராக இளகிக் கிடந்தது. உப்புச் சேர்த்தேன், வெள்ளை இழையாகத் திரள வேண்டியது திரளவில்லை. அழுகையே வந்துவிட்டது.

கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய கயிறு. மாட்டுத் தோலின் கயிறு ஏறத்தாழ 40 டிகிரி வரை தாங்கும். நம் கடல் மீன்களுடையது 30 டிகிரியை ஒட்டியே அவிழும். காட் போன்ற குளிர்கடல் மீன்களுக்கோ 15 டிகிரியே போதும். அவிழ்ந்தால் அது ஜெலட்டின். கரைத்துக் குடிக்கும் பெப்டைடுப் பொடிக்கு, அதாவது சிறு புரதத் துண்டுகளின் பொடிக்கு, அதுவே போதும்; தயாரிக்கும்போது நொதி எப்படியும் துண்டாக்கிவிடும். காயத்துக்கான படலம் செய்ய முறுக்குக் குலையாத இழை வேண்டும். நான் தேடியது அதைத்தான்.

இரண்டாம் முறை ஐஸ் பெட்டியோடு போனேன். உரித்த தோலை அக்காவே உடனுக்குடன் ஐஸில் புதைத்துத் தந்தார். இம்முறை காசு கொடுத்தேன். எலும்பு நீக்கிய சதை எடுக்கும்போது மீனின் எடையில் பாதிக்குமேல் கழிவாகிறது. அது பெரும்பாலும் தீவன மாவுக்கு மலிவாகப் போய்விடுவது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. வெட்டும் பலகையிலேயே ஐஸ் இருந்தால் அந்தத் தோலுக்கு நல்ல விலை கேட்கலாம்.

உறைய வைத்து உலர்த்தியதும் கிடைத்தது ஒரு கைப்பிடி வெண்பஞ்சு. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். “மீன் வாடையே இல்லையே!” என்று பக்கத்துப் பலகைக்காரரையும் கூப்பிட்டார்.