புதுப்பிப்பு: இடது முன்சக்கர எண்ணெய்க் கசிவின் காரணம் தெரிந்தது

என் பழைய நான்குசக்கர இயக்க வண்டியின் இடது முன்சக்கர உட்புறத்தில் வழிவது பிரேக் எண்ணெயா, அச்சு எண்ணெயா என்று கேட்டிருந்தேன்; பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கந்தக வாடை அடித்ததால் அது அச்சு எண்ணெய்தான், அதாவது டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பற்சக்கரத் தொகுதி) எண்ணெய் என்று தெளிவாயிற்று.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் நக்கிளை, அதாவது சக்கரம் திரும்பும் மூட்டை, திறந்தபோது, கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் எண்ணெயுடன் கலந்து கஞ்சிபோல் இளகியிருந்தது. ஆகவே கசிவு நக்கிளின் வெளிச்சீலில் (சீல் என்பது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தெரிந்தாலும், பழுது அச்சு எண்ணெய் நக்கிளுக்குள் வராமல் தடுக்கும் அச்சுக் குழாயின் உட்சீலில்தான் இருந்தது. வெளிச்சீலை மட்டும் மாற்றியிருந்தால் பணமும் உழைப்பும் வீணாகியிருக்கும்.

“முதலில் பிரீதரைப் பாருங்கள்” என்ற யோசனையே வழிகாட்டியது. அச்சின் மேலுள்ள அந்தக் காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டிருந்ததால், ஓட்டத்தில் சூடேறி விரிந்த காற்று வெளியேற வழியின்றி, எண்ணெயைச் சீலின் உதட்டைத் தாண்டித் தள்ளியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: சீல் உரசும் இடத்தில் அச்சுத்தண்டில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புதிய சீலைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தி, அதன் உதடு தேயாத பரப்பில் படியுமாறு செய்தோம். தளர்ந்திருந்த நக்கிள் பேரிங்குகளையும் மாற்றினேன். ஆறு வாரங்களாகச் சக்கரம் உலர்ந்தே இருக்கிறது. பத்தாண்டு கடந்த வண்டிக்குரிய வருடாந்திரச் சோதனையிலும் தேறிவிட்டது.