எலும்புக்கு நடை மட்டும் போதுமா?

குழு: தாத்தா வீடு

மீனா: கவிதா அக்கா, ஒரு சந்தேகம். எனக்கு 41 ஆகிறது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். பால், ராகி எல்லாம் உண்டு. எலும்பு தேயாமல் இருக்க இது போதாதா?

கவிதா: நடையை விடாதே மீனா. ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது.

கவிதா: தசை சுருங்கும்போதெல்லாம், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் எலும்பைப் பிடித்து இழுக்கிறது. எலும்புக்குள் இருக்கும் செல்கள் அதை உணர்ந்து, பாரம் விழுகிற இடத்தில் புது எலும்பு கட்ட வைக்கின்றன. இழுப்பு குறைந்தால் இருப்பதும் கரையும். நீ பத்து வருடமாக அதே தெருவில் அதே வேகத்தில் நடக்கிறாய். உன் எலும்பு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

கவிதா: டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கிற கையின் எலும்பு மறு கையைவிடத் தடிமன். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வயது. அந்தக் கை செய்த வேலைதான் வித்தியாசம்.

ராணி பெரியம்மா: உண்மைதான் கண்ணு. போன வருடம் மணிக்கட்டு மாவுக்கட்டை ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்களே, முன்கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. பார்த்ததும் அழுதுவிட்டேன்.

கவிதா: தசை வற்றியது கண்ணுக்குத் தெரிந்தது பெரியம்மா. உள்ளே எலும்பும் கொஞ்சம் கரைந்திருக்கும். விண்வெளி நிலையத்தில் எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். அதனால்தான் அங்கே தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

செல்வம் மாமா: அப்போ என் நீச்சல்?

கவிதா: இதயத்துக்கு அருமை மாமா. ஆனால் உடம்பைத் தண்ணீரே தாங்கிவிடுகிறது, எலும்புக்கு வேலை குறைவு. கூடவே எடை தூக்குங்கள்.

மீனா: தசை வலுவானால் எலும்பும் கெட்டியாகிவிடுமா அக்கா?

கவிதா: அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அதில் பரம்பரைக்கும் உடல் எடைக்கும் பங்கு உண்டு. 30 வயதை ஒட்டி எலும்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு பயிற்சியால் கூடுவது ஓரிரு சதவீதம்தான். ஆனால் மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் குறையும். அந்த வயதில் இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். கால் தசை உறுதியாக இருந்தால் தடுக்கி விழுவதும் குறையும். நீ இப்போதே தொடங்கு.

மீனா: வீட்டில் டம்பெல் இல்லையே.

கவிதா: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழு, பத்து தடவை. சுலபமானால் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழு. வாரம் இரண்டு நாள். அதுவும் பழகினால் எடையைக் கூட்டு.

ராணி பெரியம்மா: நானும் செய்யலாமா?

கவிதா: நீங்கள் முதலில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள் பெரியம்மா. சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன். அதுவரை அரிசிப் பை வேண்டாம், நாற்காலி மட்டும். பக்கத்தில் மாமா நிற்கட்டும்.

செல்வம் மாமா: நிற்கிறேன்மா. நாளை காலை ஆறு மணிக்கே.