கலருக்கு மாறலாமா? பாணி மாறினவங்க கொஞ்சம் சொல்லுங்க

நண்பர்களே, ஒரு யோசனை வேணும். பல வருஷமா கறுப்பு வெள்ளையில் தெருப் படங்கள்தான் எடுக்கிறேன்: 35 எம்எம் லென்ஸ், சாய்ந்த வெயில், நீண்ட நிழல். இப்போ கை தானாகவே கலர் பக்கம் போகுது. ஆளே இல்லாத படிக்கட்டு, பெயின்ட் உரிந்த நீலக் கதவு, இந்த மாதிரி.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன்கூட கறுப்பு வெள்ளையில் தொடங்கி 1960-களில் கலருக்கு வந்தவர்தான். 1976-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தப்போ விமர்சகர்கள் கிழிகிழின்னு கிழிச்சாங்க. (அவர் எங்கே, நான் எங்கே, அது வேற!)

என் சந்தேகம்: இது நிஜமாவே என் பார்வை மாறுறதா, இல்லை இன்ஸ்டாகிராம் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கிட்டதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழசையும் புதுசையும் ஒரே போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா, பிரிக்கணுமா? ப்ரீசெட் (ரெடிமேட் எடிட்டிங் செட்டிங்) மட்டும் அனுப்பாதீங்க, ப்ளீஸ்.